மாநாட்டுப் பை: சேலம்–நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

செயற்கை நுண்ணறிவை ஆராய்ந்தோர் ஏராளம். செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் கொடுக்கப்படும் பையை ஆராய்ந்தோர் ஒருவருமிலர். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம் சங்ககிரியிலிருந்து ராசிபுரம் வரையிலான நிலப்பரப்பு. முட்டை, ஜவ்வரிசி, போர்வெல் வண்டி ஆகியவற்றுக்குச் சளைக்காமல் பொறியியல் கல்லூரிகளும் செழித்த இம்மண்ணில், பங்குனிக்குச் சற்று முன்பின்னாக சர்வதேச மாநாடுகளுக்குக் கொடியேறுகிறது.

முதலில் வரலாறு. செயற்கை நுண்ணறிவுத் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நடந்த கூட்டம். அதற்கு முந்தின ஆண்டே ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி உள்ளிட்ட நால்வர் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் 13,500 டாலர் கேட்டு விண்ணப்பித்தார்கள். சம்பளம், ரயில் கட்டணம் என்றெல்லாம் கணக்குக் காட்டிய அந்த விண்ணப்பத்தில் பைக்கென்று ஒரு சென்ட்கூட இல்லை. ஒரே கோடையில் பெரும் முன்னேற்றம் காணலாம் என்ற அவர்கள் வாக்கு பலிக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து உடற்கூறு. நம் பகுதிப் பை பெரும்பாலும் கறுப்பு ரெக்சின். உள்ளே பசை விட்டுப்போன குறிப்பேடு, உதறினால் மட்டும் எழுதும் பேனா, டீ கூப்பன், சாப்பாட்டுக் கூப்பன். ஜிப் பாதி வழியில் நின்றுவிடும். மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஓடும் என்பது ஊரறிந்த வைத்தியம். குத்துவிளக்கு ஏற்றக் கொண்டுவந்த மெழுகுவத்தி, வரவேற்புரை முடிவதற்குள் மேடையிலிருந்து மாயமாகிவிடும் மர்மத்தை இவ்வாய்வு இத்துடன் தீர்த்துவைக்கிறது.

கட்டுரை ஒன்றுக்குப் பை ஒன்று என்பது இத்துறையின் மாறாத விதி. ஆனால் கட்டுரையில் மாணவர், வழிகாட்டி, துறைத் தலைவர், முதல்வர் என்று குறைந்தது நான்கு பெயர்கள் இருக்கும். பதிவு மேசையில் கேட்டது:

“ஏனுங்க, எம்பேருதான் முதல்ல போட்டிருக்குது.”

“பையை எச்.ஓ.டி. சார் காலைலயே வாங்கிட்டுப் போயிட்டாருங்களே தம்பி.”

2017இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் மாநாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் என்னும் கட்டமைப்பை அறிமுகப்படுத்திய கட்டுரைக்கு ஆசிரியர்கள் எண்மர். எல்லோர் பங்கும் சமம், பெயர் வரிசை குலுக்கிப் போட்டது என்று அடிக்குறிப்பு எழுதிச் சமாளித்தார்கள். சாட்ஜிபிடி வரை வளர்ந்த வித்து அது. இருந்தும் என்ன, நம் பதிவு மேசையில் எண்மருக்கும் பை ஒன்றுதான்.

பையைவிடக் கட்டுரைக்கு மதிப்பு அதிகம் என்று வாதிடுவோர் 2014இல் நடந்த நிப்ஸ் என்னும் செயற்கை நுண்ணறிவு மாநாட்டை நினைவில் கொள்க. அமைப்பாளர்கள் 166 கட்டுரைகளைத் தனித்தனியாக இரண்டு மதிப்பீட்டுக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ கால்வாசிக் கட்டுரைகளில் ஒரு குழு ஏற்றதை மற்றது தள்ளியது. கட்டுரையின் தரம் குழுவுக்குக் குழு மாறுகிறது. பையோ எந்தக் குழு கொடுத்தாலும் பைதான்.

நாமக்கல் பக்கத்துக் கட்டுரைக்கு ஓர் எடுத்துக்காட்டு: விரிசல் விட்ட முட்டையைக் கேமரா வழியே கண்டுபிடித்தல். கோழிப்பண்ணையில் தரம் பிரிக்கும் அக்கா இரண்டு முட்டைகளை லேசாகத் தட்டிப் பார்ப்பார். ஓசை பிசகினால் முட்டை தனி அட்டைக்குப் போய்விடும். கணினிக்கு இதையே கற்பிக்க ஆயிரக்கணக்கில் படம் வேண்டும். பார்வையாளர் ஒருவர், “எத்தனை முட்டைங்க பாத்தீங்க?” என்று கேட்கும் நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்துவிடுகிறது.

கடைசியாக மேற்கோள் எண்ணிக்கை. தொகுப்பில் அச்சேறிய கட்டுரையை வழிகாட்டியே முழுதாகப் படித்ததற்குச் சான்றில்லை. பைமேல் அச்சிட்ட கல்லூரிப் பெயரையோ சேலம் புதிய பேருந்து நிலையத்தில் திருச்செங்கோடு வண்டிக்கு நிற்கும் அத்தனை பேரும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். சிலர் மேலும் ஆராய்கிறார்கள்: “அந்தக் காலேஜுல நம்ம புள்ளைக்கு ஒரு சீட் கிடைக்குங்களா?” இத்தகைய தாக்கத்தை அளக்கும் குறியீடு எதுவும் இன்னும் வரவில்லை.

பொன்னாடை பற்றிய அடுத்த ஆய்வு தொடங்கிவிட்டது. இணை ஆசிரியராகச் சேர விரும்புவோர் பெயர் கொடுக்கலாம். பையை அவரவரே கொண்டுவர வேண்டும்.