மூன்றாம் துளை: கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் குச்சி வழி மின்னிணைப்பு குறித்து ஓர் ஆய்வு

மலேசியத் தமிழர் வரலாற்றில் சில துறைகள் வேண்டிய மட்டும் உழப்பட்டுவிட்டன. கப்பலேறி வந்தவர்கள், பால்மரம் சீவியவர்கள், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள் என்று எல்லாரைப் பற்றியும் ஏடுகள் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ரெண்டு பின் பிளக்கை மூணு பின் சாக்கெட்டில் சொருக எந்தக் குச்சியை எடுக்கிறார்கள் என்பதை மட்டும் எந்தப் பேராசிரியரும் சீந்தியதாகத் தெரியவில்லை. அந்தப் பழி தீர இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுப் பரப்பு பிரிக்பீல்ட்ஸ் தொடங்கிக் கிள்ளான் வரை. நடுவிலுள்ள பெட்டாலிங் ஜெயாவும் ஷா ஆலமும் கல்யாணம், காதுகுத்து என்று அழைப்பு வந்தபோது மட்டும் ஆராயப்பட்டன. கள ஆய்வு முறை எளிது. விருந்துக்குப் போன வீட்டில் "போன்ல சார்ஜ் இல்ல" என்று சொல்லி ரெண்டு பின் சார்ஜரை நீட்டிவிட்டு, வீட்டார் எதை எடுக்க எங்கே ஓடுகிறார்கள் என்று சோற்றிலிருந்து கண்ணெடுக்காமல் கவனிப்பது.

நிகழ்வு இதுதான். சுவரில் மூன்று செவ்வகத் துளைகள். கையில் இரண்டு உருண்டைக் கம்பி உள்ள பிளக். கீழிரண்டு துளைகளுக்குள்ளும் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருக்கும். மேலே உள்ள எர்த் துளையில் மெல்லிதாக எதையாவது விட்டு அழுத்தினால் தடுப்பு விலகும். விலகிய நொடியில் பிளக்கைத் தள்ள வேண்டும், குச்சியை உருவ வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு சமையலறையிலிருந்து "சுவிட்ச ஆஃப் பண்ணியா?" என்று ஒரு குரல் வரும். ஆராய்ந்த வீடுகளில் இந்தக் கேள்வி காரியத்துக்கு முன்னால் வந்ததே இல்லை.

தடுப்பு ஏன் வந்தது என்பதற்கு லண்டன் வரை போக வேண்டும். போர் முடிந்ததும் கட்டப்போகும் வீடுகளுக்கு எந்த வகை மின்னிணைப்பு வேண்டும் என்று பார்க்க 1942இல் ஒரு குழு அமைத்தார்கள். அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தின் இயக்குநர். குழந்தை விரலோ கம்பியோ விட்டாலும் ஆபத்து வராத சாக்கெட் வேண்டும் என்பது குழு வைத்த தேவைகளில் ஒன்று. 1947இல் பிஎஸ் 1363 என்ற தரநிலை வெளிவந்தது. எர்த் பின் மற்ற இரண்டையும் விடச் சற்று நீளம். அது முதலில் நுழைந்து கதவைத் திறக்கும், பின்னால் வரும் இரண்டும் மின்சாரத்தைத் தொடும். செம்பைச் சிக்கனம் செய்யும் புதிய வயரிங்குக்கு ஏற்றபடி பிளக்கின் வயிற்றிலேயே ஒரு ஃபியூஸும் வைத்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சி போன பிறகும் அந்த மூன்று துளைகள் நம் சுவரில் தங்கிவிட்டன.

இங்கே ஒரு வரலாற்றுக் கடமை. 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தவர்கள் லோக் யூவும், பத்துமலைக் கோயிலோடு பெயர் சேர்ந்துவிட்ட கே. தம்புசாமி பிள்ளையும். ஆக, இந்த நாட்டு மின்சாரத்தில் தமிழன் கை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அந்தக் கையில் அப்போது குச்சி இருந்ததா என்பதற்கு ஆவணம் இல்லை.

அடுத்து ஜெர்மனி. உருண்டைக் கம்பிகளின் தாயகத்தை ஒதுக்கிவிட்டு ஆய்வு செய்தால் தேர்வாளர் விடமாட்டார். 1920களில் பவேரியாவைச் சேர்ந்த ஆல்பெர்ட் பியூட்னர் பெயரில் காப்புரிமை பெற்ற ஷுகோ வகைப் பிளக்தான் அங்கே வீட்டுக்கு வீடு. சாக்கெட் சுவருக்குள் குழிந்திருக்கும். எர்த் என்பது குழியின் ஓரத்தில் மேலும் கீழும் நிற்கும் இரண்டு தகடுகள். பிளக்கை எப்படித் திருப்பிச் சொருகினாலும் ஏற்கும். காஜாங் பக்கம் ஜெர்மன்-மலேசியன் இன்ஸ்டிட்யூட்டில் படித்து அந்த ஊருக்கு வேலைக்குப் போன உறவுக்காரப் பையன் ஒருவன் விடுமுறையில் வந்து சொன்னான்: "சுவத்துல சுவிட்சே கிடையாது மாமா. சொருகுனா கரண்ட், புடுங்குனா இல்ல." குழந்தை இருக்கும் வீட்டில் துளைகளுக்கு பிளாஸ்டிக் மூடி வாங்கித் தனியாகப் போட்டுக்கொள்கிறார்களாம். மூன்றாம் துளை இல்லாத நாட்டில் குச்சிக்கு வேலை இல்லை. இவ்வளவு பெரிய தொழில் நாட்டில் இத்துறை வளராமல் போனதற்கு அதுவே காரணம் எனத் துணிகிறோம்.

ஆனால் இரண்டு நாட்டாரும் கலந்து பேசிக்கொண்டதுபோல் ஓர் அளவு பொருந்துகிறது. நம் செவ்வகத் துளையின் உயரம் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். ஐரோப்பிய மெல்லிய ரெண்டு பின் பிளக்கின் கம்பிக் குறுக்களவும் 4 மில்லிமீட்டர். துளை அகலவாக்கில் தாராளமாக இருப்பதால் இடைவெளி வித்தியாசமும் சமாளித்துக்கொள்கிறது. இந்தப் பொருத்தத்தின் மேல்தான் நம் குச்சிப் பண்பாடு முழுவதும் நிற்கிறது.

இனிக் கருவிகள். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பேனா மூடி. சட்டைப் பையில் மாட்டும் அந்த நாக்குப் பகுதிதான் துளைக்குள் போகும், நுனியில் பல்தடம் இருக்கும். கிள்ளானில் பல வீடுகளில் சாப்ஸ்டிக்கைக் கண்டோம். சீனர் கடைப் பொட்டலத்தோடு வந்து, சாப்பிடப் பயன்படாமல், ஃபிரிட்ஜ் மேல் கிடந்து இந்தப் பதவிக்கு உயர்ந்தவை. சாத்தே குச்சி நடுத்தரம். சாமி அறையில் மட்டும் தனி மரபு: எரிந்து முடிந்த ஊதுவத்தியின் அடிக்குச்சி. தீபாவளிக்கு ஜாலான் தெங்கு கிளானாவில் வாங்கிய லிப்லாப் விளக்கைச் சாமி படத்துக்கு மேல் கட்டியதும் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது அதுதானே. அதன் குறை, அழுத்தும்போது முறிந்து துண்டு உள்ளேயே தங்கிவிடுவது. ஒரு வீட்டில் அப்படித் தங்கிய துண்டால் சாக்கெட் நிரந்தரமாகத் திறந்தே கிடந்தது. வீட்டுப் பெரியம்மா அதைப் பழுது என்று ஒப்பவில்லை. "அதுலதான் ஈசியா போவுது" என்றார். மின் கட்டணத்தை இன்னும் 'எல்எல்என் பில்' என்று சொல்பவர் அவர். அந்த வாரியம் போய்த் தெனாகா நேஷனல் வந்தது 1990இல்.

டெஸ்ட் பென் தனி வகை. சட்டைப் பையில் அதைக் குத்திக்கொண்டு திரியும் மாமாக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். "எர்த்துலதாண்டா விடுறேன், ஒண்ணும் ஆவாது" என்பது இவர்களின் கோட்பாடு. வயரிங் ஒழுங்காக இருக்கும் வரை அந்தக் கோட்பாடு செல்லும். ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் யாரும் இல்லை. ஆய்வாளர் நடுநிலை காக்க வேண்டும் என்பார்கள். இரும்பு நுனியைப் பார்த்தபோது நாங்கள் நடுநிலையை விட்டுவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டோம்.

எங்கள் ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இனிமேல்தான். குழந்தை கைக்கு எட்டக்கூடாது என்று மெனக்கெட்டுச் செய்த கதவு அது. நம் வீட்டில் பேனா யாரிடம் இருக்கிறது? "ஐயா, ஒன் பென்சில் பாக்ஸ எடுத்துட்டு வா" என்றதும் ஏழு வயதுக்காரன் ஓடி வருவான். வருபவன் கொடுத்துவிட்டுப் போவதில்லை. கீழே உள்ள சாக்கெட்டுக்குக் குனிய அப்பாவுக்கு முதுகு ஒத்துழைக்காது. ஆகவே மகன் மண்டியிடுவான், மகன் குத்துவான், அப்பா மேலிருந்து "இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே" என்பார். அம்மையார் ஹாஸ்லெட் யாருக்குப் பூட்டினாரோ அவனையே நாம் சாவிக்காரனாக நியமித்துவிட்டோம்.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு: அடாப்டர் வாங்கலாமே. எந்த ஹார்டுவேர் கடையிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது, சிரிம் தரச்சான்று ஸ்டிக்கர் ஒட்டியதாகவே வாங்கலாம், உள்ளே ஃபியூஸும் இருக்கும். வாங்காதவர் யாருமில்லை. வாங்கியதெல்லாம் எங்கே என்பதுதான் கேள்வி. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றில் விசாரித்தபோது தங்கை அண்ணனைக் கைகாட்டினாள், அண்ணன் ஆபீஸைக் கைகாட்டினான். பேனா மூடிக்கு அந்தக் குணம் இல்லை, கூப்பிட்டால் வரும்.

குச்சியால் ஆகாத இடமும் உண்டு. கோயம்புத்தூர் கிரைண்டரின் பிளக் மூன்று உருண்டைப் பின்னோடு வரும். நம் சுவர் அதை ஏறெடுத்தும் பார்க்காது. மேற்படிப் பையன் தூக்கி வந்த ஜெர்மன் காப்பி மெஷின் இன்னொன்று. அதன் தடித்த பிளக்கைச் சாப்ஸ்டிக்கும் முழங்காலும் கொண்டு ஏற்றிவிட்டார்கள். எர்த்துக்கான தகடு ஜெர்மனிச் சுவரில் அல்லவா இருக்கிறது? இங்கே அது காற்றைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் மெஷினின் இரும்பு மேனியில் கை வைத்த அத்தைக்குச் சுள்ளென்றது. அத்தை காப்பியையே குறை சொன்னார்.

அதன் பிறகு முறையாகச் செய்வோம் என்று எலக்ட்ரீசியனை அழைத்தார்கள். அவர் கிரைண்டர், மெஷின் இரண்டின் பிளக்கையும் அறுத்து, 13 ஆம்பியர் ஃபியூஸோடு மூணு பின் பிளக் மாட்டிக் கொடுத்தார். குச்சி விடுவது எவ்வளவு ஆபத்து என்று வீட்டாருக்குப் பொறுமையாக விளக்கினார். ஒன்றுக்கொன்று இடிக்காமல் இருக்கச் சுவரில் இன்னொரு சாக்கெட்டும் வைத்துவிடலாம் என்று பென்சிலால் கோடு போட்டு, பையிலிருந்து டிரில்லை எடுத்தார். அதன் வயர் நுனியில் இரண்டு பின்.

"அண்ணே," என்றார் வீட்டுக்காரரிடம், "ஒரு பேனா இருந்தா குடுங்க."