சுவாமிநாதனுக்கு ரேங்க் இல்லை

ஹைதராபாத் மாதாப்பூரின் ஐயப்பா சொசைட்டிப் பக்கம் கதாநாயகர்களுக்குப் பஞ்சமில்லை. கோச்சிங் பேனரில் பாஸ்போர்ட் சைஸ் முகம், பக்கத்தில் ரேங்க். பாத்திரப் படைப்பு முடிந்தது. இவர்களை வைத்துப் பள்ளி நாவல் எழுதினால் முதல் அத்தியாயம் காலை ஸ்டடி ஹவர், கடைசி அத்தியாயம் இரவு ஸ்டடி ஹவர். நடுவில் வீக்எண்ட் டெஸ்ட்.

ஆர்.கே.நாராயணின் 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' (1935) நாயகன் சுவாமிநாதனை இங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா மாம்பழக் கணக்குக் கொடுக்கிறார். பையன் விலையை விட்டுவிட்டு, பழம் பழுத்ததா காயா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறான். அட்மிஷன்காரர் காதில் விழுந்தால், "பேசிக்ஸ் வீக், சார்" என்று பிரிட்ஜ் கோர்ஸுக்கு ரசீது கிழித்திருப்பார். வாசகனோ அந்த இடத்தில்தான் பையனை நம்பவே தொடங்குகிறான்.

தேசபக்தியும் அப்படித்தான். அந்நியத் துணி என்று தொப்பியைத் தீயில் வீசுகிறான். வீசிய பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குத் தொப்பி வேண்டுமே என்ற கவலை. நம் எழுத்தாளர்களின் நாயகர்கள் இந்தக் கட்டத்தில் இரண்டு பக்கம் வசனம் பேசியிருப்பார்கள்.

கிரிக்கெட்? கடைசிப் பந்தில் சிக்ஸர் அடிக்க வேண்டியவன், ஊரைவிட்டு ஓடிக் காட்டில் வழி தவறி, மேட்சையே கோட்டைவிடுகிறான். முகத்தைத் திருப்பிக்கொண்ட நண்பன் ராஜம் ஊரைவிட்டு ரயிலேறும்போது, சமாதானத்துக்கு இவன் தருவது ஆண்டர்சனின் தேவதைக் கதைகள். மாதாப்பூர் ராஜமாக இருந்தால், இதில் நெகட்டிவ் மார்க் உண்டா என்று கேட்டிருப்பான்.