பிளேன்டீ வைத்தியம்

கேள்வி: சைக்கிள் பந்தயத்துக்குப் பழகுகிறேன். கச்சான் காற்றை எதிர்த்து மிதித்தால் இடது தொடை மரத்துப்போகிறது. இறங்கி ஒரு பிளேன்டீ குடித்தால் சரியாகிறது. பிளேன்டீயில் அப்படியென்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், நிந்தவூர்

பதில்: சீனிதான். குணம் இறங்கியதில் இருக்கிறது! வருடக்கணக்கில் குனிந்து மிதிப்பவர்கள் சிலருக்கு, இடுப்புக்குள்ளால் காலுக்குப் போகும் தமனி மடங்கி மடங்கி, சுவர் தடித்து ஒடுங்கிவிடும். சும்மா இருக்கையில் இரத்தம் போதும். முழுமூச்சாய் மிதிக்கையில் போதாது. அதனால்தான் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தால் தசைப்பிடிப்பு என்று தைலம் எழுதிவிடுகிறார்கள். வியர்க்க மிதித்த உடனேயே கணுக்காலில் பிரஷர் பார்த்தால் குட்டு வெளிப்படும். பிரான்ஸின் போலின் ஃபெரான்-பிரேவோ 2019இல் இதற்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 2024 ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் தங்கம், 2025இல் பெண்கள் டூர் டி பிரான்ஸ்! நீங்கள் கல்முனைச் சந்தை வரைக்கும்தான் 'பழகுகிறீர்கள்' என்றால், இவ்வளவு பெருமையான வருத்தத்தை உங்களுக்குத் தர எந்த டொக்டரும் சம்மதிக்கமாட்டார்.