திண்டுக்கல் பூட்டும் பொட்டிக்கடைச் சாவியும்

ஏலே மருமவனே, புனே லோஹேகாவ்ல கம்பெனி போட்டு ஏர்போர்ட்டுக்குக் கார் விடுதியாமே? சந்தோசம். மகான் துக்காராம் மகராஜோட அம்மா பொறந்த ஊரு அது. அவரு கடன் பத்திரத்தையெல்லாம் ஆத்துல விட்ட மனுசன்னு சொல்லுவாக. நீ என்னடான்னா, கம்ப்யூட்டர்ல டிஜிட்டல் கையெழுத்துப் போடுத டோக்கன்னு ஒண்ணைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா காட்டுதே!

சரக்கு நல்லதுதான். ரகசியச் சாவி சிப்பை விட்டு வெளிய வராது. கணக்கை உள்ளயே போட்டு, விடையை மட்டும் நீட்டும். பழைய ஏடிஎம் அட்டையில கருப்புப் பட்டை ஒண்ணு இருந்துச்சே, அது வாயாடி. ஒரு தேய்ப்புல எல்லாத்தையும் உளறிரும். அதான் 2018 டிசம்பர் 31-க்குள்ள சிப் அட்டைக்கு மாறுங்கன்னு ரிசர்வ் பேங்க் கெடு வச்சுது.

கெடு முடியுத வரைக்கும் திருடன் காத்துக்கிட்டா இருப்பான்? அந்த வருசம் ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. உங்க புனேயில 1906-லருந்து நடக்குத காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி. கள்ள அட்டையத் தேய்ச்சு 28 நாட்டுல பணத்தை உருவுனானுவ. திங்கக்கிழமை, பேங்குக்குப் பேங்கு சேதி அனுப்புத ஸ்விஃப்ட் வழியா ஹாங்காங்குக்கு இன்னும் ஒரு 13.92 கோடி. மொத்தம் 94 கோடிக்கு மேல போச்சு.

சிப்பை ஒடைக்க எவனாவது மெனக்கெட்டானா? எதுக்குலே மெனக்கெடணும்? "குடுக்கலாமா?"ன்னு ஏடிஎம் கேக்கும்லா, அதுக்குப் பதில் சொல்லுத எடத்துல திருட்டு நிரல் போயி உக்காந்துக்கிட்டு. கேட்டதுக்கெல்லாம் "குடு, குடு"ன்னுச்சு. இருப்பு எவ்வளவுன்னு பாக்குத எடத்துக்குக் கேள்வி போகவே இல்ல. 2023-ல புனே கோர்ட்டு 11 பேரைத் தண்டிச்சுது. தலைவன் எங்கன்னு கேக்கியா? கேளு, கேளு.

சரி, உன் டோக்கன் எங்கலே இப்ப? ஆடிட்டர் ஆபீஸ்லயா? அது தெரிஞ்ச சங்கதிதான. மேசை டிராயர்ல ஊருப்பட்ட டோக்கன் கெடக்கும், ரப்பர் பேண்டு போட்டு. ஒவ்வொண்ணுலயும் பேரு எழுதின சீட்டு. சீட்டுக்குப் பின்னால பின் நம்பரு. அதாவது புதுசா? வாங்கும்போது வந்த அதே 12345678!

சாவி கம்ப்யூட்டர்ல கெடக்கக் கூடாது, டோக்கனுக்குள்ளதான் பொறக்கணும்னு சர்க்கார் விதி போட்டுது. நீ அந்த டோக்கனையே தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கே. திண்டுக்கல் பூட்டு வாங்கிப் பூட்டிட்டு, சாவியப் பொட்டிக்கடையில குடுத்துட்டு ஊருக்குப் போன கதைதான். ஜிஎஸ்டி தாக்கல்ல விழுத கையெழுத்து உன்னுது, சரி. கை ஆரோடதுலே?

என்ன முழிக்கே? "அவசரத்துக்கு வேணும் மாமா"ங்கியா? எவனுக்கு அவசரம்? நாளைக்குப் போயி டோக்கனை வாங்கு. நம்பரை மாத்து. அப்பிடியே அந்த ஆபீஸ் பையன்கிட்ட, போன மாசம் உன் பேருல எங்கெங்க கையெழுத்துப் போட்டான்னு கேட்டுக்கிட்டு வா. வரும்போது எனக்கு ரெண்டு பாகர்வடிப் பொட்டலம்.