முதலில் வைத்த பேர்

ஐம்பது வயதில் எனக்குப் பறவை பார்க்கும் ஆசை வந்தது. திருவொற்றியூர்க்காரனுக்கு வரக்கூடாத ஆசை. எங்கள் தெருவில் பார்க்கக் கிடைப்பவை காக்காயும் கன்டெய்னர் லாரியும்தான். ஆனாலும் தவணையில் பைனாகுலர் வாங்கி, அக்கா பேத்தியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு எண்ணூர் பக்கம் கிளம்பினேன்.

அத்திப்பட்டு போகிற வழியில் ஒரு பொட்டல். குருவி அளவில் ஏதோ ஒன்று தரையோடு தரையாக ஓடியது. வயிறு கறுப்பு, தலை சாம்பல்.

"என்ன குருவி தாத்தா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தூரத்துப் புகைபோக்கி கண்ணில் பட்டது. "அனல்மின் குருவி" என்றேன், கூசாமல். பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டாள். அது விருட்டென்று மேலே ஏறி, இறக்கையை ஒடுக்கி, சீட்டியடித்தபடி அலை அலையாகக் கீழே விழுந்து எழுந்தது. அந்த அழகைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால், சாம்பல்தலை வானம்பாடி. அறிவியல் பெயர் எரெமாப்டெரிக்ஸ் கிரிசியஸ். டீக்கடையில் நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

விடவில்லை, தோண்டினேன். 'எரெமோஸ்' என்றால் கிரேக்கத்தில் பாலை, 'ப்டெரிக்ஸ்' என்றால் சிறகு. 1836இல் கௌப் என்ற ஜெர்மானியர் வைத்த பேரினப் பெயர் அது. 'கிரிசியஸ்' என்றால் சாம்பல் நிறத்தது. இதன் பங்காளியான பாலைவன வானம்பாடிக்கு 'அம்மோமனெஸ்', அதாவது மணல் பைத்தியம் என்று பெயர். எங்கள் பக்கம் அந்தப் பட்டத்துக்கு லாரி முதலாளிகளே போட்டி போடுவார்கள்.

சுவையான சங்கதி வேறு. இந்தப் பறவை நம் செஞ்சியிலிருந்துதான் ஐரோப்பாவின் ஏட்டுக்குப் போனது. பிரெஞ்சுக்காரர் சொன்னெரா தன் 1782 பயண நூலில் எழுதியதை வைத்து, இத்தாலியில் இருந்த ஸ்கோபோலி 1786இல் இந்தச் சாம்பல் பெயரை வைத்தார். 1789இல் க்மெலின் என்பவர் செஞ்சியின் பெயரால் 'ஜிஞ்சிகா' என்று வைத்துப் பார்த்தார். மூன்று வருஷம் பிந்திவிட்டது. முதலில் வைத்த பேர்தான் நிற்கும் என்பது பெயரிடும் விதி. தேசிங்கு ராஜாவுக்குப் பிறகு செஞ்சி இங்கேயும் தோற்றது.

இதையெல்லாம் பேத்தியிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். விதியை இரண்டு தடவை. கடைசியில், "நோட்டுல அந்த அனல்மின் குருவிய அடிச்சிட்டு, சாம்பல்தலை வானம்பாடின்னு எழுதிடும்மா" என்றேன்.

"முடியாது தாத்தா" என்றாள். "மொதல்ல வச்ச பேர்தான் நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"