ஆணியும் காசும் புணருமிடத்து

எழுத்து, சொல், பொருள் மூன்றையும் இலக்கணக்காரர்கள் முடித்துவிட்டார்கள். 'பீப்' மட்டும் பாக்கி கிடந்தது. அமெரிக்கப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டரைத் தரைமேல் வீசிக்கொண்டு பழங்காசு தேடுகிறவர்களின் மொழி அது. நியூ ஜெர்சியிலிருக்கும் என் அத்தான் அதில் புலவர். இவ்வாய்வின் தரவுகள் அவருடைய முழங்கால் மண்ணிலிருந்து பெறப்பட்டவை.

இம்மொழிக்கு முதலில் காது கொடுத்தவர்களுள் ஒருவர் தொலைபேசி கண்ட கிரகாம் பெல். 1881இல் சுடப்பட்ட அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே என்று அறிய ஒரு கருவி செய்து, ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார். மெத்தையின் எஃகுச் சுருள்கள் குறுக்கே பேசின. மருத்துவரோ வலப்பக்கம் மட்டுமே தேடவிட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. ஆக, தொடக்கமே பாடபேதம்.

பிறப்பியல் எளிது. கருவியின் சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, சற்றே தாமதமாக மறுமொழி வரும். அந்தத் தாமதத்துக்கு ஏற்பச் சுருதி. பெரும்பாலான கருவிகளில் இரும்பு 'டுக்' என்னும். ஈறு நோக்கி வல்லினம் என்க. வெள்ளியும் செம்பும் 'கீங்', மெல்லினம். 1964 வரையிலான கால் டாலரில் 90 விழுக்காடு வெள்ளி. அந்தக் 'கீங்' கேட்டால் அத்தான் மூச்சு விடமாட்டார்.

'பூய்' என்னும் இடையினத்தில்தான் புலவர்கள் கெட்டார்கள். நிக்கல் எனப்படும் 5 சென்ட் காசில் உண்மையில் 75 விழுக்காடு செம்பு. ஆனால் நிக்கலோடு கலந்தபின் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதனால் அதுவும் 'பூய்', மெல்லிய தங்க மோதிரமும் 'பூய்', பியர் டப்பாவிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையமும் 'பூய்'. ஒருசொல் பலபொருள். இவ்வளையத்துக்கு 1963இல் காப்புரிமை பெற்றவர் ஒஹையோக்காரர் எர்மல் ஃப்ரேஸ். டப்பாவோடு ஒட்டியே நிற்கும் திறப்பு 1975இல் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் தாகம் முழுவதும் புல்லுக்கடியில் வளையமாகப் பதிந்துவிட்டது. இடையினத்தை ஊமையாக்கும் வசதி கருவியில் உண்டு. அத்தான் தொடமாட்டார், மோதிரம் தப்பிவிட்டால்? அக்கா வளையங்களை ஊறுகாய் ஜாடியில் சேர்த்து வருகிறாள். இரண்டாவது ஜாடி.

இனிப் புணர்ச்சி. ஆணி நிலைமொழி, காசு வருமொழி. ஆணிக்குப் பக்கத்தில் காசின் ஒலி அடியோடு மறைந்தால் கெடுதல். 'கீ-டுக்-ங்' என்று உடைந்தால் திரிதல். வளைந்த துருவாணி தனியாகக் கிடந்துகொண்டே வெள்ளிக்குரலில் கீச்சிட்டால் தோன்றல். எஃகுச் சோடா மூடி இதில் கைதேர்ந்தது. ஐயம் தீர, கால்வட்டம் நகர்ந்து நின்று மறுபடி வீசுக. தட்டையாகக் கிடக்கும் காசு எத்திசையிலும் ஒரே சொல்லைச் சொல்லும். ஆணி பெரும்பாலும் பேச்சை மாற்றும்.

முழு டப்பா புதைந்திருப்பின் 'கீஇஇங்' என அளபெடுக்கும். ஆழத்துக் காசு குற்றியலுகரம். அரை மாத்திரையில், கேட்டோமா இல்லையா என்னும்படி ஒலிக்கும். அத்தானுக்கு அது மனைவி கூப்பிடும்போதும் கேட்கும்.

புறனடை: இவ்விதிகளில் அடங்காத ஒலி வரின் தோண்டுக. அடங்கிய ஒலி வரினும் தோண்டுக. குழியை மூடுக.