வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்

குரோம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு முதல் பதிவேடு எழுதியவர் வெளுக்கிறவர்தான். மை, சேங்கொட்டைச் சாறு. எழுதும் இடம், சட்டைக் காலரின் உள்பக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு கோடும் இரண்டு புள்ளியும். மேற்கு வீட்டுக்குப் பெருக்கல் குறி. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. மூட்டையைப் பிரித்த மாத்திரத்தில் யார் வீட்டில் விருந்தாளி, யார் வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டு மருமகளின் புடவை மூன்று மாதமாக வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர் இது. மின்சார ரயில் 1931இல் வந்துவிட்டது, எம்.ஐ.டி. 1949இல். எங்கள் தெரு மட்டும் எழுபதுகளில்தான் முளைத்தது. தஞ்சாவூர், நெல்லை, ஆற்காடு என்று மூலைக்கொருவராக வந்து, கடன் வாங்கி, அரை கிரவுண்டு முக்கால் கிரவுண்டு வாங்கி வீடு கட்டியவர்கள். சொந்த ஊரில் ஒருவனைப் பற்றி யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. அவன் தாத்தா யாரிடம் மாடு திருடினார் என்பதுவரை தெரிந்திருக்கும். புறநகரில் எல்லோருமே வந்தேறிகள். ஆகவே விசாரணை ஒரு கலையாக வளர்ந்தது.

அந்தக் கலையில் பெரியப்பா வித்வான். 1984இல் அக்காவுக்கு நங்கநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் பையோடு பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கினார். முதலில் மளிகைக் கடை: நூறு கிராம் வெல்லம் வாங்கிக்கொண்டே, பையன் வீட்டுக்கு அக்கவுண்டு உண்டா, மாதக் கடைசியில் தீர்த்துவிடுகிறார்களா. அடுத்து இஸ்திரி வண்டி. அப்புறம் ரேஷன் கடை வரிசை. மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். சொந்த வீடு, ஆனால் சித்தப்பா பங்கு பாக்கி. பையன் சனிக்கிழமை மட்டும் சிகரெட். அம்மாக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். இத்தனைக்கும் மொத்தச் செலவு ரயில் டிக்கெட்டும் வெல்லமும். பின்னாளில் எல்லாம் சரியாக இருந்தது, மனசு தங்கம் என்பதைத் தவிர.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. ஐப்பசியில் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் நடமாடியதை மாடியிலிருந்து நானே பார்த்தேன். தெரு எங்களுக்கு நற்சான்று கொடுத்தது. ‘நல்ல குடும்பம், கடன் கிடன் கிடையாது.’ தை மாதம் கல்யாணம்.

இத்தனைக்கும் நேர்வழி ஒன்று அப்போதும் இருந்தது. 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் 57ஆவது பிரிவின்படி, சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலம், வீடு சம்பந்தப்பட்ட ஆவணங்கள் ஏறும் முதலாம் புத்தகத்தை, கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உறவா, பகையா, எதற்கு என்ற கேள்வியெல்லாம் இல்லை. இதர ஆவணங்களுக்கான நான்காம் புத்தகத்துக்குத்தான் கெடுபிடி: எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், அவர்களுடைய ஆட்கள் மட்டும். ஆனால் முதலாம் புத்தகத்தை யார் போய்ப் பார்ப்பார்கள்? மனு எழுத ஒருவர், அதை நகர்த்த ஒருவர், தடித்த அட்டைபோட்ட புத்தகங்களை இறக்கித் தேட ஒருவர், ‘செவ்வாய்க்கிழமை வாங்க’ என்று சொல்ல ஒருவர். மனை வாங்குகிறவன் மட்டுமே வில்லங்கம் போட்டுப் பார்ப்பான். அடுத்த வீட்டுக்காரனுக்கு வில்லங்கம் போடுவது என்றால் எங்கள் பக்கம் அதற்கு வேறு அர்த்தம்.

சாவுக்கும் பதிவேடு உண்டு. 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அதையும் தேடச் சொல்லி நகல் வாங்கலாம். இறப்புக்கான காரணத்தை மட்டும் நகலில் காட்டக் கூடாது. எங்கள் தெருவோ காரணத்தில்தான் ஆரம்பிக்கும். தேதி, நேரமெல்லாம் அப்புறம்.

இன்றைக்கு எல்லாம் கைப்பேசியில். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது தமிழ்நாடே இருபது வருடத்துக்கு முந்தைய தன்னைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தது. படிவத்தில் பழைய பட்டியல் விவரம் கேட்டிருந்தார்கள். சில தொகுதிகளுக்கு 2002, சிலவற்றுக்கு 2005. எங்களுக்கு இன்னொரு சிக்கல்: இப்போது நாங்கள் பல்லாவரம் தொகுதி. 2008 மறுசீரமைப்புக்கு முன்னால் அப்படி ஒரு தொகுதியே கிடையாது. தொகுதியைக் கண்டுபிடித்தால் பாக எண் தெரியவில்லை. பாகம் கிடைத்தால் கதவு எண் பழசா புதுசா என்று தெரியவில்லை. இரண்டு ராத்திரி ஸ்கேன் செய்த பக்கங்களைப் புரட்டி, கடைசியில் எங்கள் வீட்டைப் பிடித்தேன். எனக்கு வயது 35. சரி. அம்மாவுக்கு 38. மூன்று வயதில் அம்மா என்னைப் பெற்றிருக்கிறாள். 58 என்று இருந்திருக்க வேண்டியது. அச்சுப் பிழையா, எழுதிக்கொண்டு போனவரிடம் அம்மா சொன்ன வயதேதானா என்று கேட்க இப்போது அம்மா இல்லை.

ருசி கண்டுவிட்டது. எங்கள் வீட்டோடு நிறுத்தாமல் தெரு முழுவதையும் படித்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த யாருக்கும் தன் தெருவின் பழைய வாக்காளர் பட்டியலைப் போல் ஒரு நாவல் கிடைக்காது. அதிலிருந்து அடுத்த படி வில்லங்கம். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் பார்க்கலாம். மேற்கு வீடு இருந்த இடத்தில் இப்போது எட்டு ஃபிளாட். இரண்டாம் மாடிக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது எங்கள் வீட்டில் நெடுநாள் விவாதம். சர்வே எண்ணைப் போட்டேன். உட்பிரிவு எண்ணைப் போட மறந்ததில் தெருவே வந்து விழுந்துவிட்டது. யார் யாருக்கு விற்றார், எந்த அண்ணன் எந்தத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதினார், எந்த பேங்க், எவ்வளவு கடன். பெரியப்பா இருந்திருந்தால் மஞ்சள் பையை ஆணியில் மாட்டியிருப்பார்.

பதினேழாவது பக்கத்தில் அப்பா.

எழுதிக் கொடுத்தவர்: அப்பாவின் பெயர். எழுதி வாங்கியவர்: மேற்கு வீட்டுக்காரர். தன்மை: அடமானம். கைமாற்றுத் தொகை ரூ.18,000. 1984 ஆகஸ்ட். அதற்கு நேராக, 1991இல் ஒரு ரசீது ஆவணம், கடன் தீர்ந்தது. அப்பா ரிட்டையர் ஆன வருடம் அது.

மேற்கு வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவிலேயே முதல் டெலிபோன் அவர் வீட்டில். அக்கம்பக்கத்தார் எல்லோரும் அதையே தங்கள் பி.பி. நம்பர் என்று எழுதிக்கொடுத்ததால் டயலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். கூப்பிட்டால் எடுப்பார், யாரையும் கூப்பிட விட மாட்டார். பிள்ளையார் கோயில் வசூலுக்குப் போனால் ரசீதுப் புத்தகத்தை வாங்கி முன்பக்கம் பின்பக்கம் தணிக்கை செய்துவிட்டு, இரண்டு ரூபாய் கொடுப்பார். தெரு அவரைக் கஞ்சமகாபிரபு என்று பதிவு செய்திருந்தது. அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது. முருங்கைக் கிளை ஒன்று சுவர் தாண்டியதில் வந்த வழக்கு. ‘உங்கப்பாகிட்ட சொல்லு’ என்பார் அவர். ‘அவர்கிட்ட சொல்லு’ என்பார் அப்பா. நான்தான் தபால்.

இந்த இருவரும் ஒரு நாள் காலை சேர்ந்தோ, தனித்தனியாகவோ, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் காத்திருந்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கைமாற்றாகக் கொடுத்திருக்கலாம், கணக்குக்காரர், பதிந்துதான் கொடுத்திருக்கிறார். சொத்து விவரத்தில் நான்கு எல்லை: கிழக்கே காலி மனை, தெற்கே தெரு, வடக்கே இன்னொருவர், மேற்கே எழுதி வாங்கியவரேதான்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பா ஒரு நாள் ஆபீஸ் விடும் நேரத்துக்கு முன்பே வீடு திரும்பி, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, இடது கட்டைவிரலைத் தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. என்னப்பா என்றேன். ஸ்டாம்ப் பேட் கவிழ்ந்துவிட்டது என்றார். இடது கட்டைவிரலில் மட்டும் கவிழ்கிற ஸ்டாம்ப் பேட்.

நாற்பத்தோரு வருடம் அந்த ரகசியம் ஓர் அரசு அலுவலகத்தில், எவனும் காசு கட்டிப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்லும் புத்தகத்தில், அத்தனை பத்திரமாக இருந்திருக்கிறது.

மறுநாள் வாக்குச்சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ. வந்தார். அங்கன்வாடியில் வேலை செய்கிற பெண். கையில் படிவக் கட்டு, செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

“சார், பக்கத்து ஃபிளாட்டு ரெண்டாம் மாடி மூணு தடவை வந்துட்டேன், பூட்டியே கெடக்கு. ஆளு இருக்காங்களா, மாறிப் போயிட்டாங்களா?”

ரெண்டாம் மாடிக்காரரின் முழுப் பெயர், அப்பா பெயர், வாங்கிய தேதி, விலை, பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி, எல்லாம் எனக்குத் தெரியும். ஆள் இருக்கிறாரா என்பது தெரியவில்லை. அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முனையிலிருக்கும் இஸ்திரி வண்டிக்குப் போனார். பழைய வெளுக்கிறவரின் மகன் வண்டி அது. கரி போய் கேஸ் பெட்டி வந்திருக்கிறது. இரண்டே நிமிடம், அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதிக்கொண்டார். டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுக்க ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. எங்கள் பாகத்தில் எது நின்றது, எது போனது என்பதில் அந்த வண்டிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

ராத்திரி அக்காவுக்கு போன் செய்தேன். பெரிய குண்டைத் தூக்கிப் போடுவதாக நினைத்துக்கொண்டு, மெதுவாக, பக்குவமாகச் சொன்னேன்.

“தெரியுமே” என்றாள்.

“எப்படி? அப்பா சொன்னாரா?”

“அப்பாவாவது சொல்றதாவது. வெளுக்கிறவர்தான். அப்பா சட்டைக் கைப்பட்டியில மை. ‘பாப்பா, இது பேனா மை இல்லை, பத்திர ஆபீஸ் மை, போகாது’ன்னார். உன் கல்யாணத்துக்குத்தான்னு அவரே சொல்லிட்டு, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு எனக்கே புத்தி சொன்னார்.”

“நங்கநல்லூர்லேர்ந்து விசாரிக்க வந்தாங்களே?”

“அவர்கிட்டதானே வந்து நின்னாங்க. கடன் கிடன் கிடையாதுன்னு சொன்னது வேற யாருன்னு நெனச்சே?”

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

“நிச்சயதார்த்த போட்டோ உங்கிட்டதானே இருக்கு, எடுத்துப் பாரு” என்றாள். “அதே சட்டைதான்.”

பரணிலிருந்து ஆல்பத்தை இறக்கித் துடைத்தேன். கறுப்பு வெள்ளை. தாம்பாளத்துக்குப் பின்னால் அப்பா நிமிர்ந்து நிற்கிறார். ஒரு கைப்பட்டி பட்டன் போட்டிருக்கிறது. இன்னொன்று முழங்கைவரை மடித்து விட்டிருக்கிறது.